ராஜா இல்லாத நாட்டில் ராஜதுரோகம்

கேள்வி இரண்டே வரிதான். பேச்சுரிமையை 1791இல் அரசியல் சாசனத்தில் எழுதி வைத்த அமெரிக்கர்கள், ஏழே வருடத்தில் அதிபரைத் திட்டினால் ஜெயில் என்று சட்டம் போட்டார்களாமே, உண்மையா? அதோடு வந்த வெளிநாட்டவர் சட்டம் ஒன்று இன்னும் அமலில் இருக்கிறதாமே, அதுவும் உண்மையா? இரண்டுக்கும் பதில் ஆமாம்தான். ஆனால் நீங்கள் கேட்க வந்தது அது மட்டுமல்ல என்று தோன்றுகிறது. கூடவே அமெரிக்க சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் பெயரையும், அவரும் இந்தச் சட்டத்தில்தான் உள்ளே போனாரோ என்று இழுத்திருக்கிறீர்கள். சுதந்திரத்துக்காகச் சண்டை போட்ட அதே ஆட்கள் எந்த முகத்தோடு இதைச் செய்தார்கள் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்குத்தான் பதில் கொஞ்சம் நீளும்.

எம்.ஏ. வரலாறு மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு பாடம் பல வருடம் நடத்தியவன் நான். தேர்வுத் தாளில் இந்தக் கேள்வி வந்தால் பெரும்பாலானவர்கள் எழுதுவது ஒரே மாதிரி இருக்கும்: வெளிநாட்டவர் சட்டம் ஒன்று, ராஜதுரோகச் சட்டம் ஒன்று, ஆடம்ஸ் கொண்டு வந்தார், ஜெபர்சன் எதிர்த்தார், முற்றும். மதிப்பெண் போட்டுவிடுவேன். ஆனால் அதில் முக்கியமான இணைப்பு விட்டுப்போகும். போட்டது மொத்தம் நான்கு சட்டம். 1798 ஜூன் 18க்கும் ஜூலை 14க்கும் இடையில், ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, நான்கும் வந்துவிட்டன. குடியேறியவர்களைப் பற்றி மூன்று, எழுத்தையும் பேச்சையும் பற்றி ஒன்று. என்னைக் கேட்டால், நான்கும் குறிவைத்தது கிட்டத்தட்ட ஒரே கூட்டத்தை.

அன்றைய நிலைமையைப் பார்க்க வேண்டும். பிரான்சில் புரட்சி நடந்து, பிரிட்டனோடு போர் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கா 1794இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் செய்துகொண்டதில் பிரான்சுக்குக் கோபம். முந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தது. சமாதானம் பேசப் பாரிசுக்குப் போன தூதர்களிடம், பேச்சு தொடங்கவே லஞ்சம் வேண்டும் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சரின் ஆட்கள் கேட்டார்கள். அந்தத் தரகர்களின் பெயரை மறைத்து எக்ஸ், ஒய், இசட் என்று குறித்த அறிக்கை 1798 ஏப்ரலில் வெளியானதும் நாடே கொதித்தது. போர் அறிவிக்கவில்லையே தவிர, கடலில் சண்டை நடந்தது. உள்நாட்டில் இரண்டு கட்சி. அதிபர் ஜான் ஆடம்சின் ஃபெடரலிஸ்ட் கட்சி ஒன்று. ஜெபர்சன், மேடிசன் பக்கம் நின்ற ரிபப்ளிகன் கட்சி இன்னொன்று (இன்றைய ரிபப்ளிகன் கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஜெபர்சன் அப்போது துணை அதிபர். ஆம், எதிர்க்கட்சித் தலைவரே துணை அதிபர். அன்றைய தேர்தல் முறையின் கோளாறு அது. ரிபப்ளிகன்காரர்கள் எல்லாம் பிரான்சின் கைக்கூலிகள் என்று ஃபெடரலிஸ்டுகள் சொன்னார்கள், பலர் அதை மனதார நம்பவும் செய்தார்கள்.

வெளிநாட்டவரைப் பற்றிய மூன்றில் முதலாவது, குடியுரிமைச் சட்டம். 1790இல் இரண்டு வருடம் அங்கே வசித்தால் போதும் என்றிருந்தது. 1795இல் அது ஐந்தானது. 1798இல் ஒரே தாவலில் பதினான்கு. (இதெல்லாம் சுதந்திரமான வெள்ளையர்களுக்கு மட்டும். நம்மவர்கள் குடியுரிமை கேட்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) ஏன் பதினான்கு? அயர்லாந்திலிருந்து வந்து இறங்கியவர்கள் குடியுரிமை வாங்கியதும் ரிபப்ளிகன்களுக்கே வாக்களித்தார்கள். "கூட்டம் கூட்டமாக முரட்டு ஐரிஷ்காரர்களை" வரவேற்க எனக்கு விருப்பமில்லை என்று மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஓட்டிஸ் 1797லேயே சபையில் வெளிப்படையாகப் பேசியிருந்தார். இரண்டாவது சட்டம், நட்பு நாட்டவரானாலும் ஆபத்தானவர் என்று அதிபர் நினைத்தால் நாட்டை விட்டு வெளியேற்றலாம் என்றது. வழக்கு இல்லை, சாட்சி இல்லை, அதிபர் நினைத்தால் போதும். இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று கெடு வைத்தார்கள். மூன்றாவது எதிரி நாட்டவர் சட்டம். போர் அறிவிக்கப்பட்டாலோ அந்நிய அரசு படையெடுத்தாலோ, அந்த நாட்டைச் சேர்ந்த பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஆண்களைப் பிடித்து வைக்கலாம், வெளியேற்றலாம். இதற்குக் கெடு வைக்கவில்லை. ரிபப்ளிகன்களும் இதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. போர்க்காலத்தில் எல்லா நாடும் செய்வதுதானே என்று விட்டுவிட்டார்கள். அந்த அலட்சியத்தின் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

நான்காவதுதான் ராஜதுரோகச் சட்டம். அரசாங்கத்தையோ, காங்கிரஸ் என்ற அவர்கள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் ஒன்றையோ, அதிபரையோ கெட்ட பெயருக்கு ஆளாக்கும் எண்ணத்தோடு பொய்யாக, அவதூறாக, வன்மத்தோடு எழுதினால், அச்சிட்டால், பேசினால் இரண்டு வருடம் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். பிரதிநிதிகள் சபையில் 44க்கு 41 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்து நிறைவேறியது. இந்தச் சட்டத்தை வகுப்பில் எடுக்கும்போது மாணவர்களிடம் ஒன்று கேட்பேன்: பாதுகாக்கப்பட்டவர்கள் பட்டியலில் யாரைக் காணோம்? துணை அதிபரை. ஜெபர்சனை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். அடுத்த கேள்வி: சட்டம் என்றைக்கு முடிகிறது? 1801 மார்ச் 3. ஆடம்சின் பதவிக்காலம் முடியும் நாள். அடுத்த தேர்தலில் தோற்றுவிட்டால் இதே கத்தி நம் கழுத்துக்கு வரக்கூடாது என்று யோசித்துத்தான் தேதி போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் சொன்ன பிறகு சட்டத்தின் நோக்கத்தைத் தனியாக விளக்க வேண்டியிருந்ததில்லை.

சரி, பேச்சுரிமைத் திருத்தத்தை வைத்துக்கொண்டு இதை எப்படி நியாயப்படுத்தினார்கள்? அவர்களிடம் பதில் இருந்தது, அதுவும் மட்டமான பதிலில்லை. அச்சுச் சுதந்திரம் என்றால் அச்சிடுமுன் தணிக்கை கிடையாது என்பதே பொருள். அச்சிட்ட பிறகு அதன் விளைவுக்கு எழுதியவரே பொறுப்பு என்றது இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனின் விளக்கம். அமெரிக்க வக்கீல்கள் அத்தனை பேரும் அதைப் படித்து வளர்ந்தவர்கள். அந்தப் பழைய ஆங்கிலச் சட்டத்தில், அரசைப் பற்றி எழுதியது உண்மையே ஆனாலும் குற்றம். உண்மையாக இருந்தால் இன்னும் பெரிய குற்றம் என்றுகூடச் சொல்வார்கள். 1798 சட்டமோ, எழுதியது உண்மை என்று நிரூபித்தால் விடுதலை என்றது. தீர்ப்பு ஜூரி கையில் என்றது. ஆக, நாங்கள் சட்டத்தைக் கடுமையாக்கவில்லை, இளக்கியிருக்கிறோம் என்று ஃபெடரலிஸ்டுகள் மார்தட்டினார்கள். ஏட்டில் பார்த்தால் அது சரிதான். நீதிமன்றத்தில் அந்தச் சலுகை என்ன ஆனது என்பதுதான் விஷயம்.

முதலில் மாட்டியவர் மேத்யூ லயன். அயர்லாந்தில் பிறந்து, கப்பல் கூலிக்குப் பதிலாக உடலுழைப்பை அடகு வைத்து அமெரிக்கா வந்தவர். வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினராகும் அளவுக்கு உயர்ந்தார். முரட்டு ஆள். 1798 ஜனவரியில் சபைக்குள்ளேயே கிரிஸ்வால்டு என்ற ஃபெடரலிஸ்ட் உறுப்பினரின் முகத்தில் துப்பினார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வால்டு கைத்தடியால் அடிக்க, லயன் கணப்பு அடுப்பின் இடுக்கியை எடுத்துக்கொண்டு திருப்பி அடித்தார். அந்த லயன் ஜூன் 20ஆம் தேதி பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: அதிபருக்கு அடங்காத ஆடம்பர மோகம், முகத்துதி ஆசை, சுயநலப் பேராசை. எழுதியபோது சட்டமே இல்லை. அச்சாகி வந்தபோது சட்டம் வந்துவிட்டது. அக்டோபரில் வழக்கு.

அதிபருக்கு ஆடம்பர மோகம் இருக்கிறது என்பதை எப்படி நிரூபிப்பது? இதுதான் அந்தச் சலுகையின் ஓட்டை. தகவலை நிரூபிக்கலாம், அபிப்பிராயத்தை எப்படி நிரூபிப்பது? லயன் தன் வழக்கைத் தானே நடத்தினார். நீதிபதி பேட்டர்சனைப் பார்த்தே கேட்டார்: நீங்கள் அதிபர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள்தானே, அங்கே கேலிக்கூத்தான படாடோபத்தைப் பார்க்கவில்லையா? இல்லை, எளிமையைத்தான் பார்த்தேன் என்றார் நீதிபதி. இந்த ஊரில் இருப்பதைவிட அங்கே வேலைக்காரர்கள் அதிகம் இல்லையா என்று விடாமல் கேட்டார் லயன். பதில் வரவில்லை. இந்தக் காட்சி லயன் தானே எழுதிய கடிதத்திலிருந்து வருவது என்பதை மறக்க வேண்டாம். தன்னைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லியிருக்கலாம். தண்டனையில் சந்தேகமில்லை: நான்கு மாதம் சிறை, 1,000 டாலர் அபராதம். வெர்ஜென்ஸ் ஊர்ச் சிறையில் பதினாறடிக்குப் பன்னிரண்டடி அறை, மூலையில் கழிவிடம், ஆகஸ்ட் மாதத்து பிலடெல்பியா துறைமுகம் போல நாற்றம் என்று எழுதினார். அங்கிருந்தபடியே மறுதேர்தலில் நின்றார். எதிராளியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாக்கு வாங்கி ஜெயித்தார். சிறையில் போட்டு ஒருவரைத் தலைவராக்கும் வித்தை ஒன்றும் புதிதல்ல.

தாமஸ் கூப்பர் வழக்கு இதைவிடப் பாடம் சொல்வது. இங்கிலாந்திலிருந்து வந்தவர், வக்கீல், விஞ்ஞானமும் தெரிந்தவர். ஆடம்ஸ் ஆட்சியில் நிரந்தரப் படை வைத்திருக்கிறார்கள், சமாதான காலத்தில் எட்டு சதவீத வட்டிக்குக் கடன் வாங்கும் நிலைக்கு நாட்டின் பெயர் போய்விட்டது என்றெல்லாம் எழுதினார். எட்டு சதவீதம் என்பது உண்மை. அரசே அந்த வட்டிக்குக் கடன் வாங்கியது. ஆனால் அது சமாதான காலமா? கடலில் பீரங்கி வெடித்துக்கொண்டிருக்கிறதே! இப்படி ஒவ்வொரு வரியிலும் பாதி தகவல், பாதி கருத்து. நீதிபதி சாமுவேல் சேஸ், சொன்ன ஒவ்வொன்றையும் எலும்பின் மஜ்ஜை வரை நிரூபித்தாக வேண்டும் என்று ஜூரிகளிடம் சொல்லிவிட்டார். அதிபரையே சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று கூப்பர் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஆறு மாதம் சிறை, 400 டாலர் அபராதம். அரசு ஒருவர் மேல் குற்றத்தை நிரூபிப்பது போய், அவர் தன் குற்றமின்மையை நிரூபிக்கும்படி ஆனது. என் அனுபவத்தில், சட்டத்தின் வாசகத்தை மட்டும் படித்த மாணவர் ஃபெடரலிஸ்ட் பக்கம் சாய்வார். இந்த வழக்கைப் படித்ததும் எழுந்து வந்துவிடுவார்.

சாமானியர்களும் தப்பவில்லை. நியூ ஜெர்சியின் நூவர்க் ஊர் வழியாக ஆடம்ஸ் போனபோது பீரங்கி மரியாதை நடந்தது. சாராயக் கடை பக்கம் இருந்த லூதர் பால்ட்வினிடம் யாரோ, அதிபர் பின்னாடி சுடுகிறார்கள் பார் என்றார்கள். "அவர் பின்புறத்திலேயே குண்டு பாய்ந்தாலும் எனக்குக் கவலையில்லை" என்றார் இவர். அதற்கு 150 டாலர். மாசசூசெட்ஸில் டெடாம் ஊரில் சட்ட எதிர்ப்பு வாசகத்தோடு ஒரு கம்பம் நட்ட விவகாரத்தில் டேவிட் பிரவுன் என்ற ஏழைத் தொழிலாளிக்குப் பதினெட்டு மாதம். இந்தச் சட்டத்தில் கிடைத்த மிக நீண்ட தண்டனை இதுதான். அதே விவகாரத்தில் வசதியான உள்ளூர்க்காரர் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஐந்து டாலரும் ஆறு மணி நேரமும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன இணைப்புக்கு வரலாம். லயன் ஐரிஷ்காரர். கூப்பர் ஆங்கிலேயர். இதே சட்டத்தில் ரிச்மண்டில் ஒன்பது மாதம் சிறை பெற்ற ஜேம்ஸ் கேலண்டர் என்ற பத்திரிகை எழுத்தாளர் ஸ்காட்லாந்துக்காரர். எதிர்க்கட்சிப் பத்திரிகைகளை நடத்தியவர்களில் பலர் பிரிட்டிஷ் அரசின் அடக்குமுறைக்குத் தப்பி ஓடி வந்தவர்கள். ஒரே ஆளைக் குடியுரிமைச் சட்டத்தால் வாக்களிக்க விடாமல் தடுக்கலாம், வெளிநாட்டவர் சட்டத்தால் துரத்தலாம், ராஜதுரோகச் சட்டத்தால் உள்ளே போடலாம். இதற்கு வில்லியம் டுவேனைவிட நல்ல உதாரணம் இல்லை. நியூயார்க் பகுதியில் பிறந்து, சிறு வயதிலேயே அயர்லாந்துக்குப் போய், பின்பு கல்கத்தாவில் பத்திரிகை நடத்தியவர். கிழக்கிந்தியக் கம்பெனியை விமர்சித்ததற்காக அங்கே பிடித்து, வழக்கு விசாரணை இல்லாமலே கப்பலேற்றிவிட்டார்கள். பத்திரிகை, சொத்து எல்லாம் போயிற்று. பிலடெல்பியாவுக்கு வந்து 'அரோரா' பத்திரிகையில் சேர்ந்தார். அதன் ஆசிரியர், பெஞ்சமின் பிராங்க்ளினின் பேரன் பேச், புதுச் சட்டம் வருவதற்கு முன்பே பழைய ஆங்கில வழக்குமுறைச் சட்டத்தில் கைதாகி, வழக்கு நடக்குமுன் மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனார். ஆசிரியர் நாற்காலி டுவேனுக்கு வந்தது. 1799இல் வெளியுறவுச் செயலர் பிக்கரிங் அதிபருக்குக் கடிதம் போடுகிறார்: இந்த ஆளை என்ன செய்யலாம்? இவன் துணிச்சலுக்கு வெளிநாட்டவர் சட்டம்தான் சரி, அதன் பலத்தை இவன் மேல் சோதித்துப் பார்க்க எனக்கு முழு விருப்பம் என்று ஆடம்ஸ் பதில் எழுதினார். நான் இங்கேயே பிறந்தவன் என்று டுவேன் சொன்னார். வெளியேற்றம் நடக்கவில்லை, வழக்குகள் மட்டும் அடுக்கடுக்காக வந்தன. ஆடம்ஸ் பாவம், கட்சிக்காரர்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சட்டம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை என்பது சரி. இந்தக் கடிதத்துக்குப் பிறகு அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

அந்த இரண்டாவது சட்டப்படி முறையாக உத்தரவு நடைமுறையாகி வெளியேற்றப்பட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. ஆனால் அதற்குப் பயந்து பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் கப்பலாகத் தாமாகவே கிளம்பினார்கள். பிலடெல்பியாவில் புத்தகக்கடை வைத்திருந்த மொரோ தெ சான் மேரி அவர்களில் ஒருவர். என் மேல் என்ன குற்றம் என்று விசாரித்ததற்கு, குறிப்பாக ஒன்றுமில்லை, ஆள் ரொம்பப் பிரெஞ்சுக்காரராக இருக்கிறார் என்று ஆடம்ஸ் சொன்னதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் ஒருவர் வாக்குமூலம்தான், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ராஜதுரோக வழக்குகளின் எண்ணிக்கையிலும் தகராறு உண்டு. பாடநூல்களில் சுமார் 25 பேர் கைது, 10 பேருக்குத் தண்டனை என்று இருக்கும். பழைய நீதிமன்றக் கட்டுகளைத் தோண்டிய அண்மைய ஆய்வுகள் வழக்குகள் அதைவிட வெகு அதிகம் என்கின்றன. நான் பத்து தண்டனை என்று சொல்லிக்கொடுத்தவன்; இப்போது சொல்வதானால் 'குறைந்தது' என்று சேர்த்துக்கொள்வேன்.

தமிழில் இதை ராஜதுரோகச் சட்டம் என்று சொல்வதே ஒரு வேடிக்கைதான். வ.உ.சி. மேல் 1908இல் போட்ட வழக்கால் நமக்குப் பழகிய சொல் அது. அந்தச் சட்டமும் இதுவும் ஒரே ஆங்கில வேரிலிருந்து வந்தவை. ஆனால் அமெரிக்காவில் ராஜா ஏது? மேடிசன் 1800இல் எழுதிய அறிக்கையில் பிடித்த பிடி இதே இடம்தான். இங்கிலாந்தின் விளக்கம் இங்கே செல்லாது, ஏனென்றால் இங்கே இறையாண்மை மக்களிடம் இருக்கிறது, அரசாங்கத்திடம் இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள், ஆள்பவர்களைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் தேர்தலுக்கே அர்த்தம் இல்லை. பேச்சுரிமை என்பது தணிக்கையின்மை மட்டும் அல்ல என்ற எண்ணம் இந்தச் சண்டையில்தான் முதன்முதலாக முழு உருவம் எடுத்தது. 1791இல் அந்த வரியை எழுதியபோதே எல்லோருக்கும் அதன் பொருள் ஒன்றாக இருந்தது என்று நினைப்பதால்தான் உங்கள் கேள்வி அவ்வளவு முரணாகத் தெரிகிறது.

எதிர்த்தவர்கள் அத்தனை பேரும் உத்தமர்கள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1798இல் கென்டக்கி சட்டமன்றத் தீர்மானத்தைப் பெயர் சொல்லாமல் எழுதிக் கொடுத்தவர் ஜெபர்சன். அதற்காக எழுதிய வரைவில், சாசனத்துக்கு விரோதமான மத்திய சட்டத்தை மாநிலம் செல்லாததாக்கலாம் என்ற வாதம் இருந்தது. அதைப் பின்னாளில் தென் மாநிலத்தார் தங்களுக்கு வேண்டியபடி பயன்படுத்திக்கொண்டார்கள். 1801இல் ஜெபர்சன் அதிபரானதும் சிறையில் இருந்தவர்களை மன்னித்து விட்டார், சட்டமும் கெடுப்படி காலாவதியானது. 1803இல் அதே ஜெபர்சன் பென்சில்வேனியா ஆளுநருக்கு எழுதுகிறார்: பெரிய பெரிய ஆட்கள் சிலர் மேல் மாநிலத்தில் வழக்குப் போட்டால் பத்திரிகைகளுக்கு நல்லது. அவர் ஆட்சேபம் பெரும்பாலும் மத்திய அரசு இதைச் செய்யலாமா என்பதில்தான் இருந்தது. லயனின் வாக்குதான் அவரை அதிபராக்கியது என்ற கதையும் பாதிதான் உண்மை. அந்தத் தேர்தல் சமநிலையில் முடிந்ததால் பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று சுற்றுச் சுற்றாக வாக்களித்தது. 36ஆவது சுற்றில் வெர்மான்ட் லயனால் ஜெபர்சன் பக்கம் வந்தது. அதே சுற்றில் மேரிலாந்தும் வந்தது. லயனின் அபராதத்தை காங்கிரஸ் 1840இல் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. ராஜதுரோகச் சட்டம் செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் அன்று முடிவு செய்யவே இல்லை. 1964இல் நியூயார்க் டைம்ஸ் வழக்கில்தான், வரலாற்றின் நீதிமன்றத்தில் அந்தச் சட்டம் தோற்றுவிட்டது என்ற பொருளில் எழுதினார்கள்.

குடியுரிமைக் கெடுவும் 1802இல் மறுபடி ஐந்து வருடமானது. மிச்சமிருப்பது அந்த எதிரி நாட்டவர் சட்டம். 1812 போரில் பிரிட்டிஷ்காரர்கள் மேலும், இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மானியர் முதலானவர்கள் மேலும் பாய்ந்தது. பெண்களையும் 1918இல் சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்ததும் இதே சட்டப்படிதான் என்று பலர் எழுதுகிறார்கள், அது தப்பு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள், அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அது 1942இல் ரூஸ்வெல்ட் போட்ட தனி உத்தரவு. 2025 மார்ச்சில் டிரம்ப் இந்தச் சட்டத்தை வெனிசுவேலா குற்றக் கும்பல் ஒன்றின் மேல் ஏவி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை எல் சால்வடோர் சிறைக்கு விமானத்தில் அனுப்பினார். சட்டம் சொல்வது அந்நிய நாடோ அரசோ படையெடுப்பது. ஒரு கும்பல் அதில் அடங்குமா என்பதுதான் வழக்கு. வெளியேற்றுமுன் தகவல் தந்து, நீதிமன்றம் போக வாய்ப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலில் சொன்னது. நான் வரலாறு நடத்தியவன், வக்கீல் இல்லை. இதில் உங்களுக்கோ உறவினருக்கோ சொந்த விஷயம் ஏதாவது இருந்தால் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள், என் பதிலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக டெப்ஸ். அவரை உள்ளே போட்டது 1798 சட்டம் இல்லை, அது காலாவதியாகி நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் உலகப் போர்க்காலத்து ஒற்றாடல் சட்டத்தில், கேன்டன் ஊரில் 1918 ஜூனில் பேசிய பேச்சுக்காகப் பத்து வருடம் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்துக்கு அதே வருடம் வந்த திருத்தத்துக்கும் செடிஷன் சட்டம், அதாவது ராஜதுரோகச் சட்டம், என்றே பெயர் என்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான்.